யாருக்கும் தோன்றியிருக்குமா

காப்புரிமை விசாரணை வீடியோவில்தான். ஆனாலும் காலையிலிருந்து கோப்பைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டே இருந்தேன். புனே பக்கம் போசரியில் இரும்புப் பாகங்களுக்கு ரசாயனப் பூச்சு போடும் சின்னப் பட்டறை எங்களுடையது. நான் அதன் ஒரே கெமிஸ்ட். நாங்கள் கண்டுபிடித்த முறைக்குக் காப்புரிமை கேட்டிருந்தோம். கிடைக்காவிட்டால், எங்களுக்கு வேலை தரும் பெரிய கம்பெனி அதை அப்படியே தன் ஆலையில் செய்துகொள்ளும். பட்டறையை மூட வேண்டியதுதான்.

காப்புரிமை அதிகாரி எங்கள் வேலையை ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டினார். ஒன்றில் எங்கள் பூச்சு இருந்தது. மற்றதில், பூச்சுக்கு முன் உலோகத்தை உலர்த்துவது இருந்தது. இரண்டையும் சேர்ப்பது இந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடியதுதானே என்று கேட்டார். அப்படி யாருக்கும் தோன்றக்கூடியது என்றால் காப்புரிமை கிடையாது.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். பக்கத்துத் தேஹு ரோட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். யார் பாராட்டினாலும் கூசிப்போகிறவர். கையைக் கூப்பி, இதில் என்ன இருக்கிறது, யாராயிருந்தாலும் செய்வார்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டார். மைக்கை அணைத்தேன்.

“சார், என்ன சொல்லிட்டீங்க?”

“சும்மா மரியாதைக்குச் சொன்னேம்மா.”

மரியாதைக்காக எங்கள் எல்லார் தலையிலும் மண்ணை வாரிப் போட்டிருந்தார்.

மைக்கைப் போட்டுப் பேசினேன். உலர்த்துவது பற்றிய அந்தப் பழைய ஆவணம் அலுமினியத்துக்கானது என்றேன். இரும்பு அப்படியல்ல, கழுவும் தொட்டிக்கும் பூச்சுத் தொட்டிக்கும் நடுவே உலரவிட்டால் கண்ணெதிரே துரு பூக்கும். ஈரத்தோடேயே அடுத்த தொட்டியில் இறக்கு என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். ஆனால் வெல்டிங் இடுக்கில் தங்கும் தண்ணீர்தான் பூச்சை உரிக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். முதலாளி ஊரில் இல்லாத ஒரு நாள், சூடான காற்றில் சட்டென்று உலர்த்திப் பார்த்தேன். துருவும் பிடிக்கவில்லை, பூச்சும் உரியவில்லை; அனுமதி கேட்காமல் பயந்து பயந்துதான் செய்தேன் என்றும் சொன்னேன். அது வாதமா புலம்பலா என்று எனக்கே தெரியவில்லை.

அதிகாரி முதலாளியைப் பார்த்தார். “அன்றைக்கு இவர் உங்களிடம் அனுமதி கேட்டிருந்தால்?”

முதலாளியின் கைகள் மறுபடி கூப்பிக்கொள்ள எழுந்தன. இன்னொரு தடவை பணிவு காட்டினால் தொலைந்தோம். கைகள் பாதியிலேயே நின்றன.

“வேலையை விட்டே தூக்கியிருப்பேன் சாப்,” என்றார்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். காப்புரிமை கிடைத்தது, தொழில் தெரிந்தவரே தடுத்திருப்பார் என்பதற்குச் சாட்சியாக உத்தரவில் அந்தப் பதிலையும் சொல்லியிருந்தார்கள். வேலை போயிருக்கும் என்று கேட்டு எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது அன்றைக்கு மட்டும்தான்.