மயில் படம் போட்ட குங்குமப்பூ டப்பா

காலை ஆறே முக்காலுக்கு அண்ணி சமையலறை அலமாரியைத் திறந்தார். முதலில் கண்ணில் பட்டது அந்தத் தகர டப்பா. மூடியில் மயில் படம், ஓரத்தில் துரு. அன்று அவருடைய அப்பாவின் முதலாண்டுத் திதி; நான் மாமா என்று அழைத்தவர். மாசாய் ஊரில் இருந்த அவர் வீட்டின் அடுப்பில் பாயசத்துக்குப் பால் காய்ந்துகொண்டிருந்தது.

அண்ணி உணவு ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர். போலிக் குங்குமப்பூவைப் பற்றி நாளிதழில் எழுதுவதற்காக, மாமா இருந்த காலத்தில் ஒருமுறை அவரிடம் போயிருந்தேன். அசலையும் போலியையும் அருகருகே சோதித்துக் காட்டச் சொன்னேன். மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு இந்த டப்பாவோடு வந்தார். அவர் பிள்ளை உண்டாகியிருந்தபோது, தொழிற்சாலையில் வேலை செய்த அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. பாலில் சில இழைகள் போட்டதோடு சரி. மிச்சத்தைச் செலவழிக்க மனம் வரவில்லை. "அசலுக்கு இதையே வச்சிக்கலாம் தம்பி. அப்பா குடுத்தது" என்றார்.

இழைகளை ஊறவைத்து வடிகட்டி ஊசியால் கருவியில் செலுத்தினார். கரைசலில் உள்ள நிறப்பொருள்களைக் கருவி தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் திரையில் ஒரு மேடாகக் காட்டும். குங்குமப்பூவின் நிறத்துக்கு உரிய மேடு வரவேண்டிய இடத்தில் கோடு தட்டையாகவே சென்றது. மிட்டாய்க்குப் போடும் செயற்கை மஞ்சளின் இடத்தில் மேடு எழுந்தது. அண்ணி ஊசியைக் கழுவிவிட்டு மறுபடியும் செலுத்தினார். அதே கோடு. "பழசானா நிறம் மங்கும். சாயம் எப்படி வரும்?" என்று திரையைப் பார்த்தே கேட்டார்.

மாமா அப்போது ஈரல் நோயால் படுக்கையில் இருந்தார். அன்று மாலை என்னைக் கண்டதும், "என்னா பேப்பர்காரரே, நம்ம பூ பாஸா ஃபெயிலா?" என்றார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"பாஸுப்பா. உங்களுதுதான் ஃபர்ஸ்ட்டு."

"அப்புறம் யாருக்குப் பூட்டி வச்சிருக்க? பாயசம் வைம்மா."

ஆய்வில் தேறிய வேறு பூவை வாங்கிவந்து மறுநாள் பாயசம் வைத்தார் அண்ணி. மாமா கிண்ணத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு நெடுநேரம் முகர்ந்தார். அந்த வாசனையை வாழ்நாளில் அவர் அன்றுதான் முதன்முதலாக அறிந்திருக்க வேண்டும்.

"பாத்தீங்களா தம்பி, அசலுன்னா வாசனையே வேற லா. இதுக்குன்னு வேலை நேரம் முடிஞ்ச பிறகும் நின்னு எவ்வளவு ஓட்டி செஞ்சிருக்கேன் தெரியுமா?"

"இன்னும் கொஞ்சம் ஊத்தவாப்பா?" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போன அண்ணி, திரும்பி வர வெகுநேரம் ஆனது.

திதியன்று அண்ணி அந்த டப்பாவை எடுத்துத் துடைத்தார். திறக்காமல் பழைய இடத்திலேயே வைத்தார். இலையில் பரிமாறிய பாயசம் வெள்ளையாக இருந்தது.