ஏழு மணி கேட்

பொன்னுத்தங்கம் அந்தக் கான்வென்ட் கேட்ல நின்னு இருபத்தேழு வருசமாச்சு. மூணு வருசத்துக்கு ஒரு மதர் மாறுவாக, இவ மாற மாட்டா. ஒம்பது மதரோட கொரலும் இவ தொண்டைல குடியிருக்கு. நாகர்கோயில் மதர் மாதிரி "எளா, கேட்டச் சாத்து"ம்பா. கேரளத்துப் பாலா ஊரு மதர் மாதிரி மூக்கால ஜெபிப்பா. கும்புடுறது மட்டும் பத்திரகாளிய.

பத்தாவதா வந்த ஜெசிந்தா மதர் கறாரு. "வர்ற விழா முடிஞ்சு, ஒண்ணாந்தேதிலருந்து செக்யூரிட்டி கம்பெனி ஆள் வர்றாங்க. எட்டரைக்குத்தான் கேட் திறக்கும். நீங்க ஓய்வெடுங்க."

பொன்னுத்தங்கம் ரோட்டத் திரும்பிப் பாத்தா. பட்டாசுக் கம்பெனி வேன் ஏழு மணிக்கே வந்துரும். பொம்பளைக பிள்ளைகள இவகிட்ட விட்டுட்டுத்தான் வேன்ல ஏறுறாளுக. எட்டரை வரைக்கும் அதுக ரோட்டுலயா நிக்கும்?

அந்த வாரமே, எழுவத்தஞ்சாம் வருச விழா மலருக்குக் கான்வென்ட் வரலாறு வேணும்னு பிஷப் ஆபீஸ்லருந்து கடுதாசி வந்துச்சு. பழைய நோட்டக் கரையான் தின்னுருந்துச்சு. வேற வழியில்லாம மதர், பேனாவோட கேட்டுக்கே வந்தாக.

"ஆரம்பிச்ச மதர் எப்படிப்பட்டவங்க, பொன்னுத்தங்கம்மா?"

இவ கழுத்த நிமித்தி, வெள்ளக்காரத் தொரைசானி கணக்கா இழுத்தா: "பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது. ஏழு மணிக்கு கேட் திறக்க வேண்டும்!" அப்புறம் சொந்தக் கொரல்ல, "இதான் மதர், அவுக போட்ட மொத உத்தரவு."

மதர் பயபக்தியா எழுதிக்கிட்டாக. சிவகாசி பிரஸ்காரன் அத மட்டும் தங்கக் கலர்ல கட்டம் கட்டி அடிச்சான்.

விழாவுல பிஷப் அதையே சத்தமா வாசிச்சு, "இந்தப் புனித மரபு என்னைக்கும் தொடரணும்"னாரு. வேன்ல போற பொம்பளைக தட்டுன தட்டுல பந்தலே ஆடிப்போச்சு.

செக்யூரிட்டி கம்பெனிக்காரன், "ஏழு மணிக்கெல்லாம் ஆளு தர முடியாது மதர்"னு கையை விரிச்சிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் மதர் மெதுவா வந்தாக.

"பொன்னுத்தங்கம்மா, அந்த மதர் காலத்துல நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்களே?"

"ஆமா மதர்."

"அப்ப அவங்க அப்படிச் சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீக போங்க. பிஷப்பே வாசிச்சாகள்ல?"