ராசி பார்த்த ப்ரூச்

என் பாட்டி காலத்து வைர ப்ரூச்சை, புடவையில் குத்திக்கொண்டு போன மனைவி எங்கோ தொலைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அம்மா செய்யூரிலிருந்து வருகிறார். அதற்குள் அதே போல ஒன்று வேண்டும்.

இன்று மாமல்லபுரத்தில் ஒரு பழம்பொருள் கடையில் கிடைத்தது. அதே மயில் வடிவம், அதே சாய்ந்த கொண்டை. கடைக்காரர் கல்லின் மேல் ஊதிக் காட்டினார். ஆவி படிந்த வேகத்தில் மறைந்தது.

"அசல் வைரம், அண்ணாத்த."

மனைவி சொன்னாள்: "மூணு நாள் வூட்ல வெச்சு ராசி பாத்துட்டு வாங்கிக்கறோம்."

"இன்னாக்கா, நூறு வருஷம் ஒரே குடும்பத்துல இருந்துகினு வந்துது. ராசி இல்லாமயா?"

"ராசி இருந்தா உங்க கடைக்கு ஏன் வருது?"

அவர் ப்ரூச்சைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

தொலைந்துபோன ப்ரூச்சும் பாட்டி ராசி பார்த்து வாங்கியதுதான். ராசியில் குறையே இல்லை, ப்ரூச்தான் இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு நல்ல பொய் கைவசம் உள்ளவர்கள் கீழே எழுதவும்.