நாற்பத்தேழு சதவீதக்காரியின் மனு

பட்டப்படிப்பில் நாற்பத்தேழு சதவீதம். அதிலும் சில பேப்பர்கள் ரெண்டாம் முறை எழுதித் தேறியவை. அப்படிப்பட்ட மார்க் லிஸ்டை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் தோளுயரம் வளர்ந்த பிறகு, சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போவதாக டைப்பிஸ்ட் சொன்னபோது வீட்டில் யாரும் கைதட்டவில்லை. பஸ் கண்டக்டரான புருஷன் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்லா யோசிச்சியா?" என்றான். அப்படிக் கேட்டால் வேண்டாம் என்று அர்த்தம். குடும்பம் நடத்தினவளுக்கு அந்த அகராதி மனப்பாடம்.

அவள் ஒரு வக்கீலம்மாவிடம் டைப் அடித்தாள். மருந்துக் கடைக்கு மேலே ஒரே அறை. பாதி இடத்தை ஃபைல் கட்டுகளே பிடித்துக்கொள்ளும். விவாகரத்து, வாடகைத் தகராறு, பங்காளிச் சண்டை எல்லாம் இவள் விரல் வழியாகத்தான் கோர்ட்டுக்குப் போகும். அடுத்தவர் பேச்சுக்கு விரல் கொடுத்துக் கொடுத்து அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரு தடவையாவது தன் வாயைத் திறந்து வாதாட வேண்டும்.

அடுப்பில் ஒரு கண், புத்தகத்தில் ஒரு கண்ணாகப் படித்து, நுழைவுத் தேர்வில் நல்ல மார்க்கே வாங்கினாள். ஆனால் பட்டப்படிப்பில் ஐம்பதுக்குக் கீழே எடுத்தவர்கள், ஏன் குறைந்தது என்று விளக்கம் எழுதி இணைக்க வேண்டுமாம். அதைப் பார்த்துத்தான் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். வயது வரம்பு வேறு கழுத்தைப் பிடித்தது. இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

"எங்கம்மாவுக்கு ஆபரேஷன், நீதான் பார்த்துக்கிட்டேன்னு எழுதேன்" என்றான் புருஷன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தாள். "எனக்கு நோய் வந்தா இவளுக்கு எப்படிடா மார்க் குறையும்? அப்ப இவ நம்ம வாசலையே மிதிக்கல."

"சரி, அவங்கம்மாவுக்குன்னு போட்டுக்கலாம்."

"அந்தம்மாவா? போன வாரம் மூணு மாடி ஏறி வந்து என்கூடச் சண்டை போட்டுட்டு, தண்ணிகூடக் குடிக்காம இறங்கிப் போனாங்க."

ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. மறுநாள் மதியம் வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தபோது, தன் அம்மாவுக்கு ஒரு இருதய நோயைக் கொடுத்து அடிக்க ஆரம்பித்தாள். கண்ணீர் வருகிற மாதிரிதான் வந்தது. கடைசி வரி முடிந்ததும், பழகிய விரல் தானாக ஓடி, 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று அடித்துவிட்டது.

எந்த மனுவும் அந்த வரியில்தான் முடியும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட வருகிறவர்களிடம், "இதுக்கப்புறம் நீங்கதான் பொறுப்பு" என்று வக்கீலம்மா சொல்லாத நாளில்லை. அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வரியை அழித்தால் போதும். அவள் அதை விட்டுவிட்டு அம்மாவின் நோயை அழித்தாள். பிறகு உள்ளதை உள்ளபடி, வந்த கோபத்தில் மடமடவென்று அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. 'நான்' என்று எழுத வேண்டிய இடமெல்லாம் 'மனுதாரர்' என்று அடித்திருக்கிறாள். அது மட்டுமா? மேலே 'எதிர்மனுதாரர்' என்று போட்டு, பக்கத்தில் புள்ளி புள்ளியாக இடம் வேறு விட்டிருக்கிறாள். போச்சு, மானம் கப்பலேறியது என்று அன்று குழம்பில் உப்பை ரெண்டு தடவை போட்டாள்.

ஆனால் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பேராசிரியர் அவள் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"எதிர்மனுதாரர் இடம் காலியா இருக்கே. யார் மேலம்மா வழக்கு?"

மற்ற ரெண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. ஆனால் வாய் திறக்கத்தானே இத்தனை பாடு.

"என் மேலதாங்க சார். காலேஜ் படிச்சப்ப இருந்த என் மேல. கணக்கு எனக்கு வராது. அப்பா அதுலதான் சேர்த்தாரு. வேண்டாம்னு சொல்ல வாயில்லாம போய் உட்கார்ந்தேன், கடைசி பெஞ்சுல தூங்கினேன். நோயும் இல்ல, நொடியும் இல்ல."

"இங்கயும் கஷ்டமா இருந்தா தூங்கிடுவீங்களா?"

"அன்னிக்கு என்னை ஏத்திவிட்டாங்க சார். இன்னிக்கு நானே டிக்கெட் எடுத்து ஏறியிருக்கேன். தூங்கினா என் ஸ்டாப்புதான் போகும்."

பேராசிரியர் சிரிக்கவில்லை. "இன்னிக்கு வந்த கதைகள்ல வீட்டுல யாரும் சாகாத கதை இது ஒண்ணுதான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு என்னவோ குறித்துக்கொண்டார்.

தேர்வானவர் பட்டியலைக் கல்லூரிச் சுவரில் ஒட்டினார்கள். மாலை வகுப்பு, ஏழாவது வரிசையில் அவள். பக்கத்தில் முண்டியடித்த ஒருவர், "உங்க பையன் பேரு இருக்காம்மா?" என்று கேட்டார்.

"என் பேரு இருக்கு" என்றாள். வாசல் காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்குப் போன் போட்டாள். மாமியார் எடுத்தாள்.

"கிடைச்சிருச்சு அத்தை."

"தெரியும். உன் புருஷன் காலையிலயே பஸ் முழுக்கச் சொல்லிட்டானாம், கிடைச்ச மாதிரி. சீக்கிரம் வா. கீழ் வீட்டுக்காரிக்கு வண்டி நிறுத்துற தகராறாம், உன்கிட்டக் கேக்கணும்னு வந்து உட்கார்ந்திருக்கா."

"அத்தை, நான் இன்னும் வகுப்புக்கே போகல."

"அதுக்கென்ன. உட்காரட்டும்."