இன்னும் ஒரு சுற்று

எனக்கும் என் நண்பனுக்கும் சேர்த்து ஒரே பாராகிளைடர்தான். அவன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பாதி நாள் வெளிமாநிலத்தில்தான் இருப்பான். அந்தத் தை மாதம் பொங்கலுக்கு வந்தவன், அன்றிரவே வண்டியோடு கிளம்ப வேண்டியிருந்தது. அதனால் மதியமே புதுச்சத்திரத்துக்குப் பக்கத்திலுள்ள கரட்டுக் குன்றில் ஏறிவிட்டோம். எங்களைக் காரில் கூட்டி வந்த இன்னொரு நண்பனும் கூட இருந்தான்.

வாடைக்காற்று சரிவில் மோதி மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றை விட்டு விலகாமல் கரட்டை ஒட்டிப் போய்வந்தால் எவ்வளவு நேரமும் மிதக்கலாம். ரிக் வண்டி நண்பனும் நானும் ஆளுக்கு அரைமணி என்று பேசிக்கொண்டோம். "நீ மொதல்ல போ மாப்ள" என்றான்.

அப்படி ஒரு காற்று எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. கீழே மரவள்ளிக் காடுகளும் கோழிப்பண்ணைக் கூரைகளும் மெல்ல நகர்ந்தன. அரைமணி ஆனதும் தோளில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியில் அவன் குரல் வந்தது. "மாப்ள, எறங்கிக்கிறயா?"

இன்னும் ஒரு சுற்று என்று நினைத்தேன். பதில் சொல்லவில்லை. அந்தச் சுற்று முடிந்ததும் இன்னொன்று. மறுபடி கூப்பிட்டான். மூன்றாம் முறை கூப்பிட்டபோது வாக்கிடாக்கியின் சத்தத்தைக் குறைத்துவிட்டேன். அவன் தலையைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் போனேன். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் உச்சியில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அவன் அவசரமாகத் துணியை விரித்து மூன்று தடவை ஓடிப் பார்த்தான். துணி பாதி எழுந்து, காற்றில்லாமல் தொய்ந்து விழுந்தது. நான்காவது தடவைக்கு இருட்டத் தொடங்கியிருந்தது.

"கூப்புட்டது கேக்கலையா?" என்றான்.

"காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றேன்.

உடனே நம்பிவிட்டான். பேட்டரி போயிருக்கும், மாற்றணும் என்றான். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கயிறுகளைச் சிக்கெடுத்து, துணியை மடித்து, மூட்டையையும் அவனே சுமந்து இறங்கினான். காரில் வரும்போது மற்ற நண்பன் மட்டும் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

அடுத்த குளிர்காலத்துக்குள் ரிக் வண்டி நண்பனுக்குக் கல்யாணமாகி, அதற்கடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் பயப்படுகிறார்கள் என்று பறப்பதை விட்டுவிட்டான். பாராகிளைடரை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டான்.

குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று ராசிபுரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். பந்தி முடிந்து வாசலில் நாங்கள் இருவர் மட்டும் நின்றபோது, எப்படியாவது சொல்லிவிடுவது என்று, "அன்னைக்குக் கரட்டுல..." என்று ஆரம்பித்தேன்.

அவன் முகம் மலர்ந்தது. "அன்னைக்கு நீ பறந்ததைப் பாத்துக்கிட்டே நிக்கலாமாட்ட இருந்துச்சு மாப்ள" என்றான்.

உள்ளே குழந்தை அழுதது. இதோ வாரேன் என்று போய்விட்டான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, அவன் திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.