அண்ணையின் கேம் கசெற்

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான். தேவாரம்கூட எனக்கு நடுவில் தடக்கும், இது தடக்காது. கடலுக்குள் மூழ்கிப்போன ஓர் அரண்மனைக்குள் ஒரு சுழியோடி எப்படி இறங்கவேண்டும், எந்தெந்தக் கதவின் பூட்டுக்கு எந்தெந்தத் திறப்பு, மூச்சு முடிவதற்குள் எப்படி மேலே வந்து சேரவேண்டும் என்று சொல்லுகிற, உள்ளங்கை அகலப் புத்தகம் அது. ஒரு கொம்பியூட்டர் விளையாட்டோடு வந்தது. அந்த விளையாட்டை எத்தனை தரம் வென்றீர்கள் அம்மா என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன். உண்மையில் அதில் நான் அமத்தியது ஒரேயொரு பொத்தானைத்தான்.

கொம்பியூட்டரைக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி. சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலத்தில் லண்டனிலிருந்து வந்தார். மற்றவர்களுடைய மாமாமார் சொக்கிலேற்றும் சென்ற் போத்தலும் கொண்டுவருவார்கள். எங்கள் மாமா ஒரு ரைப்ரைற்றரின் மேல்பாகத்தைப் போன்ற எதையோ துவாயில் சுற்றிக் கொண்டுவந்து, இதுதான் கொம்பியூட்டர் என்றார். அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மிச்சம் எங்கே என்று கேட்டார். மிச்சம் எங்கள் வீட்டு ரீவிதான் என்று மாமா சொன்னபோது அப்பாவுக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை. எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் புகையிலையும் மிளகாயும் நட்டு வாங்கிய ரீவி அது.

விளையாட்டு ஒரு கசெற்றில் இருந்தது. பாட்டுக் கேட்கிற அதே ரேப் றெக்கோடரில் கசெற்றைப் போட்டு, வயரால் கொம்பியூட்டரோடு தொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். ஒரே கீச்சென்ற இரைச்சல் கேட்கும். பானையில் அரிசி போட்டு உலை கொதிக்கிற நேரம் வரைக்கும் அது கீச்சிட்டு முடிய, ரீவியில் நீலக் கடல் வரும். அம்மா குசினிக்குள் இருந்து, “உந்த மெசினுக்கு எண்ணெய் விடுங்கோவன்” என்று சத்தம் போடுவார். அந்த இரைச்சலே கசெற்றில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை.

விளையாடுகிறவர் அண்ணை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். சுழியோடிக்கு மூச்சு எவ்வளவு மிச்சம் என்பதை ரீவியின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு காட்டும். அது குறைந்துகொண்டே வரும். மேலே எழும்புவதற்கு நீளப் பொத்தானை அமத்தவேண்டும். அந்த ஒரு பொத்தானை மட்டும் அண்ணை என்னிடம் விட்டிருந்தார். “இப்ப!” என்று அவர் சொல்ல நான் அமத்துவேன். பாதி நேரம் பிந்தித்தான் அமத்துவேன், சுழியோடி செத்துப்போவான். அண்ணை ஏசமாட்டார்.

இரண்டாவது கதவைத் திறப்பதற்குள் கரண்ட் நின்றுவிட்டது. ஒரு நாளுக்கோ ஒரு கிழமைக்கோ அல்ல, யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும், வருடக்கணக்கில். ரேப்புக்குப் போடுகிற பற்றரியும் கிடைக்காது. மண்ணெண்ணெய் பவுண் மாதிரி. ரீவி ஒரு மூலையில் சேலைத் துண்டால் மூடப்பட்டது. கொம்பியூட்டர் திரும்பவும் துவாய்க்குள் போய் அலுமாரியின் மேல் ஏறியது. கசெற் மற்றக் கசெற்றுகளோடு பிஸ்கற் ரின்னுக்குள் போனது. புத்தகம் மட்டும் வெளியே இருந்தது. அதற்குக் கரண்ட் தேவையில்லையே.

அதன்பிறகு அண்ணையே கொம்பியூட்டர் ஆனார். மாமரத்தின் கீழ் குந்தியிருந்து புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, “இப்ப நீ வாசலிலை நிக்கிறாய். இடப்பக்கம் சுறா. என்ன செய்யப்போறாய்?” என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் புத்தகத்தைப் பார்த்து விதிப்படி தீர்ப்புச் சொல்வார். கள்ளத்தனத்துக்கு இடமில்லை. பிளேன் சுற்றத் தொடங்கினால் எல்லோரும் முற்றத்தில் வெட்டிய பங்கர் குழிக்குள் ஓடுவோம். அண்ணை புத்தகத்தோடு வருவார். அம்மா கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுக்க, அவர் என் காதுக்குள், “கதவு பூட்டியிருக்கு, மூச்சைப் பிடி” என்பார். நான் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். குண்டு விழுகிற சத்தம் எங்கேயோ கேட்கும். எனக்கு என் திறப்புத்தான் முக்கியம். பயப்படவேண்டிய காலம் முழுவதையும் நான் ஒரு அரண்மனையில் கழித்தேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது அண்ணையை வெளிநாட்டுக்கு அனுப்ப முடிவாயிற்று. அந்த வயதுப் பெடியன்களை வீட்டில் வைத்திருக்கத் தாய்மார் பயந்த காலம். கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் போய், கொழும்பில் ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சிக்காரனோடு சேர்ந்து, எப்படியோ மாமாவிடம் போய்ச் சேரவேண்டும் என்பது திட்டம். புறப்படுகிற அன்று அண்ணை என்னிடம் பிஸ்கற் ரின்னைத் திறந்து கசெற்றைக் காட்டினார்.

“பிள்ளை, இதை ஈரம் படாமல் வைச்சிரு. புத்தகத்தைக் கறையான் தின்னவிடாதை. கரண்ட் வந்தால் தனிய விளையாடுறேல்லை, சரியோ? நான் வந்து ரெண்டு பேருமா.”

“ஓம் அண்ணை.”

“மூண்டாவது கதவுக்குப் பின்னாலை என்ன இருக்கெண்டு எனக்கும் தெரியாது” என்று சொல்லிச் சிரித்தார். அம்மா விபூதி பூசிவிட, சைக்கிளில் அப்பாவின் பின்னால் ஏறிப் போய்விட்டார்.

வாயில் நுழையாத பெயருள்ள ஒரு நகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு அறையில் பத்துப் பன்னிரண்டு பேரோடு இருக்கிறாராம், இரண்டு கிழமையில் மாமாவிடம் போய்விடுவாராம். பிறகு அண்ணையின் கையெழுத்தில் ஒன்றும் வரவில்லை. மாமாவின் கடிதங்கள் வந்தன. அவற்றை அம்மாவும் அப்பாவும் குசினிக்குள் நின்று வாசிப்பார்கள். என்னவாம் என்று நான் கேட்டால், அண்ணை சுகமாம், மாமாவோடு நின்று படிக்கிறாராம் என்பார்கள். நான் நம்பினேன். படிக்கிறவருக்குக் கடிதம் எழுத எங்கே நேரம்?

அக்காலத்தில் எங்கள் ஊரில் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றிலும் கதைத்து அனுப்புவார்கள். கொழும்புக்குப் போகிற யாராவது கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பார்கள். அண்ணைக்கு ஒரு கசெற் அனுப்பப்போவதாக அம்மா ஒரு நாள் சொன்னபோது எனக்குத் திருவிழா வந்த மாதிரி இருந்தது. அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, யன்னலால் அறைக்குள் ரேப்புக்குக் கொடுத்தோம். பெடலைக் கையால் சுற்றவேண்டியது என் வேலை. ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான் செய்தி கேட்டார்கள்.

“நிப்பாட்டாமல் ஒரே சீராச் சுத்து பிள்ளை. விட்டு விட்டுச் சுத்தினால் என்ரை குரல் பிசகிப்போம்” என்று சொல்லிவிட்டு அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். கை மாற்றிக் கை மாற்றிச் சுற்றினேன். உள்ளே என்ன கதைத்தார் என்று டைனமோவின் உறுமலில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவருடைய முகம் முழுக்க ஈரமாக இருந்தது. வெக்கைதான் என்று நினைத்தேன்.

“நீயும் ரெண்டு வசனம் கதை. நான் சுத்துறன்.”

ரேப்பின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக் குரலில் கதைத்தேன். “அண்ணை, நான் சுகம். புத்தகத்தைக் கறையான் தின்னவில்லை. கேம் கசெற்றை ஈரம் படாமல் கவனமாக வைச்சிருக்கிறன். நீங்கள் கெதியா வாங்கோ.” சொல்லி முடிந்ததும் பெருமை தாங்கவில்லை. கசெற்றை எடுத்து உறையில் போட்டு ஒட்டியதெல்லாம் அம்மாதான்.

சில மாதங்கள் கழித்துப் பெரியப்பா வீட்டு அக்கா பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு நடந்தது. சண்டையானாலும் வீடியோ எடுக்காவிட்டால் எங்களுக்குச் சாமத்திய வீடு இல்லை. அதற்காக ஜெனறேற்றர் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மண்ணெண்ணெய்ப் புகையோடு அது உறும, பந்தல் முழுவதும் வெளிச்சம். கரண்ட் வெளிச்சத்தைக் கண்டு சின்னப் பிள்ளைகள் சில அழுதார்கள். பின்னேரம் வந்தவர்களுக்கு ரீவியில் படம் போடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு அரை மணித்தியாலம் ரீவி சும்மா இருக்குமே என்று எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அப்பாவின் வேட்டியை விடவேயில்லை. தனியாக விளையாடமாட்டேன், அது வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்து அண்ணைக்கு அறிவிக்கவேண்டும் என்று கெஞ்சினேன். அண்ணைக்கு என்றதும் அப்பா மறுப்பதை நிறுத்தினார். பிறகு ஜெனறேற்றர்காரரிடம் போய்க் கதைத்தார். தன் தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு, துவாயில் சுற்றிய கொம்பியூட்டரைத் தானே தூக்கி வந்தார்.

பெடியன்களும் பெட்டைகளுமாக ஒரு கூட்டம் ரீவியைச் சுற்றிக் குந்திவிட்டது. நான் புத்தகத்தை விரித்துவைத்து வயர்களைத் தொடுத்தேன். எந்த வயர் எங்கே என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ரீவியில் சாம்பல் திரை வந்தது. மூலையில் சின்னச் சதுரம் ஒன்று மின்னி மின்னி நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். கசெற் எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.

பிஸ்கற் ரின்னில் அது இல்லை. அப்பாவின் நாதஸ்வரக் கசெற் இருந்தது. படப்பாட்டுகள் இருந்தன. எல்லாவற்றையும் பாயில் கொட்டிப் பார்த்தேன். அலுமாரியின் கீழும் பார்த்தேன். பலகாரத் தட்டை எடுக்க வந்த அம்மா வாசலில் நின்றார்.

“என்ன தேடுறாய்?”

“அண்ணையின்ரை கேம் கசெற்.”

“எது, மேலை தாள் கழண்டு கிடந்ததோ? அது பழுது குஞ்சு. போட்டுப் பாத்தன், ஒரே கீச்செண்டு கத்தினது. வேறை வெறுங் கசெற் கிடைக்கேல்லை. பதியவிடாத அந்த மேல் ஓட்டையிலை கடுதாசியைத் தள்ளிப்போட்டு அதிலைதானே கதைச்சு அண்ணைக்கு அனுப்பினனாங்கள்.”

எனக்கு விளங்கச் சற்று நேரமானது.  அந்தக் கசெற்றைக் கவனமாக வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னதும் அந்தக் கசெற்றின் மேலேயேதான்.

அந்தக் கசெற்றை நான் திரும்பவும் பார்த்தது மாமாவின் வீட்டில், கலியாணம் முடித்து லண்டனுக்குப் போன பிறகு. அவர் அதை எங்கேயும் அனுப்பியிருக்கவில்லை. அண்ணை அவரிடம் வந்து சேரவேயில்லை, அனுப்ப ஒரு விலாசமும் ஒருபோதும் வரவில்லை. போட்டுக் கேட்டோம். தம்பி, சாப்பிட்டியோ, குளிருக்குப் போர்த்துப் படு, ஒரு சொல்லு எழுதிப் போடு ராசா என்று அம்மா அண்ணையிடம் திரும்பத் திரும்ப அதையே கேட்டுக்கொண்டிருந்தார். என் கை களைத்த இடங்களில் அவருடைய குரல் பிசகியது. பிறகு என் பேச்சுப்போட்டிக் குரல். அது முடிந்த கையோடு விளையாட்டின் மிச்சக் கீச்சுச் சத்தம் தொடங்கியது. மாமா நிறுத்தப் போனார். நிறுத்தவேண்டாம் என்றேன். நாடா ஓடி முடியும்வரை இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் அன்றைக்கு, அந்த அறைக்குள், எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். சாமத்திய வீட்டுக்குக் கட்டிய புதுப் பாவாடையோடு நிலத்தில் விழுந்து புரண்டேன். அண்ணை என்னை நம்பித் தந்ததை அம்மா அழித்துவிட்டார் என்று கத்தினேன். அம்மாவைக் குத்துவதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆயுதத்தை எடுத்தேன்.

“அண்ணை வந்து கேக்கட்டும், நான் சொல்லுவன். அதுக்குப் பிறகு அவர் உங்களோடை சாகும்வரைக்கும் கதைக்கமாட்டார்!”

அம்மா என்னைத் தூக்கவில்லை, ஏசவுமில்லை. தட்டை நிலத்தில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வரட்டும் பிள்ளை” என்றார். “வந்து, இந்த வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு, என்னோடை கதைக்காமல் இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு மெல்லச் சிரித்தார். செய்ததையும் செய்துவிட்டு அம்மாவுக்கு ஒரு கவலையும் இல்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.