விபூதி போட்டுத் துலக்கிய டிராகன் காசு

உங்கள் இருவருக்கும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு வெள்ளிக் காசு வாங்குகிறோமே, அது எப்படி ஆரம்பித்தது என்று பாப்பா ஒருமுறை கேட்டாள். அன்று எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, பதில் சொல்லவில்லை. பாப்பாவின் பத்தாவது காசுக்கு நான் பட்ட பாட்டையும் சேர்த்து இப்போது எழுதி வைக்கிறேன். எனக்குப் படிப்பு கம்மி. தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெரியவன் பிறந்தபோது உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் தங்கத்தின் மேல்தான் ஆசை. சிராங்கூன் ரோட்டில் இரண்டு நகைக்கடை ஏறி இறங்கினோம். விலையைக் கேட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். ஏர்கான் சர்வீஸ் வேலையில் என்னோடு வேனில் வந்த சீனர் ஒருவர்தான், "தங்கம் முடியாட்டி வெள்ளி வாங்கேன்" என்று சைனாடவுனில் ஒரு நாணயக் கடைக்கு வழி சொன்னார்.

பழைய காம்ப்ளெக்ஸ், மூன்றாவது மாடி. ஒரு பக்கம் கடிகாரம் ரிப்பேர், மறுபக்கம் கால் பிடித்துவிடும் கடை. நடுவில் நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவுக்கு அந்த நாணயக் கடை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் கழுத்தில் பூதக்கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஒரு சீனப் பெரியவர். நான் அவரை அங்கிள் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அவர் பேசுவது ஆங்கிலம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

நம் ஊரில் பணத்தையும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம். குழம்பாமல் இருக்கப் பணத்தை டாலர் என்றே எழுதுகிறேன். வெள்ளிக்கு உலகச் சந்தையில் ஒரு விலை உண்டு. அது அங்கிளின் மேசை மேலுள்ள சின்னத் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த விலைக்கு அவர் தர மாட்டார். காசு அடித்த கூலி, கொண்டு வந்த செலவு, அவருடைய லாபம் என்று மேலே ஐந்தாறு டாலர் வைப்பார். திருப்பிக் கொண்டுபோய் விற்றால் திரை விலைக்கும் கொஞ்சம் கீழேதான் தருவார். ஒளிக்காமல் சொல்லிவிட்டார் என்பதாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சீனர்களுக்கு அது டிராகன் வருடம். செதில் செதிலாக டிராகன் படம் போட்ட காசு ஒன்றைக் காட்டினார். குறைந்த எண்ணிக்கையில்தான் அடித்ததாம், சாதாக் காசைவிட இரண்டு மடங்கு விலை. முதல் பிள்ளை, வாங்கிவிட்டேன். வட்டமான பிளாஸ்டிக் டப்பியோடு கையில் கொடுத்து, "திறக்காதே" என்றார். காசு எங்காவது உருண்டு ஓடிவிடும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா திறந்தாள். சாமி முன்னால் வைக்க வேண்டும், குங்குமம் வைக்க வேண்டும். "பிளாஸ்டிக்குக்கா பொட்டு வைக்கிறது?" என்றாள். சரிதானே என்று எனக்கும் பட்டது. அன்றிலிருந்து தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எல்லாக் காசுகளையும் எடுத்து, குத்துவிளக்கோடும் குங்குமச் சிமிழோடும் சேர்த்து விபூதி போட்டுத் துலக்கி, கழுவித் துடைத்து, பொட்டு வைத்து அடுக்குவாள். பெரியவன் காசுகள் மைலோ மாவு டின்னில். பாப்பாவுடையவை அன்னாசி டார்ட் பலகாரம் வந்த பிளாஸ்டிக் ஜாடியில்.

பாப்பாவின் பிறந்தநாள் சீனப் புத்தாண்டை ஒட்டி வரும். போன தீபாவளி சமயத்திலேயே நான் காசை வாங்கியிருக்கலாம். வெள்ளி விலை ஏற ஆரம்பித்திருந்தது. இறங்கட்டும் என்று இருந்துவிட்டேன். வாராவாரம் போனில் பார்ப்பேன். கொஞ்சம் இறங்கினால் இன்னும் இறங்கும் என்று விடுவேன். ஏறினால் பதறி மூடி வைப்பேன்.

"கத்திரிக்காய் வாங்குறதுக்குக்கூட இப்படி முழிச்சதில்ல நீங்க," என்றாள் அம்மா.

"கத்திரிக்காய் விலை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுதா?"

"நீங்க நிக்கிற நேரத்துக்கு மாறிடும்."

பாப்பா பள்ளியில் பத்துப் பொருளை முக்கோணமாக அடுக்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். கீழே நான்கு, மேலே மூன்று, பிறகு இரண்டு, நுனியில் ஒன்று. தன் ஒன்பது காசுகளைச் சாப்பாட்டு மேசையில் அப்படி அடுக்கி, நுனியை மட்டும் காலியாக விட்டாள். "பத்தாவது வந்தா முடிஞ்சிடும்ப்பா. டென் இஸ் எ ஸ்பெஷல் நம்பர்," என்றாள். நாள் தவறாமல் அடுக்கினாள். காலியாக இருந்த அந்த இடம் என் தட்டுக்கு நேரெதிரே இருந்தது.

பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சைனாடவுன் போனேன். மின்படி வரைக்கும் ஆள் நின்றார்கள். அந்த மாடியில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. பாதிப்பேர் வாங்க, பாதிப்பேர் விற்க. என் முறை வந்தபோது கண்ணாடி மேசைக்குள் வெல்வெட் தட்டு வெறுமையாகக் கிடந்தது.

"ஒரே ஒரு காசு அங்கிள். ஒரு அவுன்ஸ்."

"எல்லாரும் ஒரே ஒரு காசுன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. அப்புறம் ஐம்பது கேக்கிறாங்க. இல்ல லா அண்ணே."

"எப்ப வரும்?"

"சப்ளையர் அடுத்த மாசம்ங்கிறான். போன மாசமும் அடுத்த மாசம்னுதான் சொன்னான்." பிறகு விரலை நீட்டி, "உன் மகனுக்கு ஒரு டிராகன் வாங்கினல்ல? அத எடுத்துட்டு வா. புதுவருஷத்துக்கு அத தேடுற ஆள் இருக்கு. எனக்கு அதக் குடு, நான் எங்கேயாவது புரட்டிச் சாதாக் காசு நாலு தரேன்," என்றார்.

பெரியவன் காசைத் தொட எனக்கு மனமில்லை. முதலில் வேறு இடங்களில் பார்த்தேன். சிட்டி ஹால் பக்கம் ஒரு பெரிய கடை. அங்கே ஒரு கிலோ கட்டிதான் கையிருப்பில் இருந்தது. அவுன்ஸ் காசுக்குப் பணத்தை இப்போது கட்டிவிட்டு ஆறேழு வாரம் காத்திருக்க வேண்டுமாம். திரை விலைக்கு மேல் வைக்கிற தொகையும் எங்கோ போயிருந்தது. "அடுத்த வாரம் மகளுக்குப் பிறந்தநாள்," என்றேன். கவுண்டரில் இருந்த பெண் சிரித்தபடி, "ஹேப்பி பர்த்டே சொன்னேன்னு சொல்லுங்க," என்றாள். அதற்கு மட்டும் காத்திருப்பு இல்லை.

சிராங்கூன் ரோட்டு வெள்ளிக் கடையில் இந்தியாவிலிருந்து புதிதாக வந்த பையன் மாதிரி தெரிந்த விற்பனையாளர் தட்டு தட்டாக எடுத்துப் போட்டார். "லட்சுமி காசு இருக்கு அண்ணே, பத்து கிராம். செய்கூலி, ஜிஎஸ்டி தனி."

"ஒரு அவுன்ஸ் காசு இருக்குமா?"

"அவுன்ஸா? மருந்துக் கடையில கேட்டுப் பாருங்களேன்."

பக்கத்தில் கொலுசு பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஒரு அவுன்ஸ் என்பது முப்பத்தொரு கிராமுக்குச் சற்று மேல். பத்து கிராம் காசைப் பாப்பாவின் முக்கோண நுனியில் வைத்தால் பெரிய உடம்புக்குச் சின்னத் தலை வைத்ததுபோல் இருக்கும். வாங்காமல் வந்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல் பெரியவனிடம் கேட்டேன். போனைக் கீழே வைத்துவிட்டு மைலோ டின்னை எடுத்து வந்தான்.

"எடுத்துட்டுப் போங்கப்பா. ஆனா அவகிட்ட அது என்னோட டிராகன்னு சொல்லிடணும்."

"சொல்றேன்டா."

"நாலு தருவாருன்னா, மிச்சம் மூணும் எனக்கு."

பிறந்தநாளுக்கு முதல் நாள், பகல் சாப்பாட்டு நேரத்தில், டிராகன் காசைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கூட்டம் குறைந்திருந்தது. அங்கிள் சில நாளில் வரும் புத்தாண்டுக்காகக் கடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையைப் பிரித்ததும், "டப்பி எங்கே?" என்றார்.

"திறந்தாச்சு."

பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். விளக்குக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இத என்ன பண்ணினே?"

"துலக்கினோம்."

"எதால?"

விபூதிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. காலையில் பூசியது நெற்றியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன். "இதால."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். காசைப் பார்த்தார். "எத்தனை தரம்?"

"வருஷா வருஷம். தீபாவளிக்கு."

பூதக்கண்ணாடியைக் கீழே விட்டார். அது அவர் வயிற்றில் போய்த் தட்டியது. "செதில் எல்லாம் போச்சு அண்ணே. வழவழன்னு இருக்கு. இது டிராகன் இல்ல. பாம்பு."

பிறகு பொறுமையாகச் சொன்னார். சேகரிக்கிறவர்கள் கேட்பது அச்சிலிருந்து விழுந்தபோது இருந்த அந்த முகத்தை. மெல்லிய துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறல் தெரியும். தேய்த்துவிட்டால் அதற்கு வெள்ளியின் எடைக்கு உள்ள விலைதான், வேறொன்றும் இல்லை. திறக்காதே என்று சொன்னது அதற்குத்தான்.

வீடு வீடாகப் போய், "ஏர்கானுக்குள்ள இருக்கிற தகட்டைத் துணி போட்டுத் தேய்க்காதீங்க, வளைஞ்சிடும், தண்ணிதான் அடிக்கணும்" என்று சொல்கிறவன் நான். நல்லது என்று நினைத்து அழுத்தித் தேய்ப்பவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தும் இருக்கிறேன்.

எடைக்குப் போட்டால் அந்த ஒரு காசுக்கு இன்னொரு காசுகூட வராது. கைக்குட்டையைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"பிறந்தநாள் எப்ப?"

"நாளைக்கு."

"நான் இன்னிக்கு மூணு மணிக்குச் சாத்திடுவேன். அப்புறம் ஒரு வாரம் லீவு."

சொல்லிவிட்டு, காலுக்குக் கீழே ஒரு இழுப்பறையைத் திறந்து டப்பியோடு ஒரு காசை மேலே வைத்தார். சாதாக் காசு, ஒரு அவுன்ஸ், இந்த வருடத்தது. முகத்தில் மட்டும் பால் தெறித்த மாதிரி வெள்ளையாக மூன்று புள்ளிகள். வார்த்து அடிக்கும்போதே சில காசுகளில் அப்படி விழுந்துவிடுமாம். இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"உருக்குறவனுக்குப் போடலாம்னு வச்சிருந்தேன். எப்படியும் நீங்க தேய்க்கத்தானே போறீங்க? திரை விலை குடு. மேல ஒண்ணும் வேணாம்."

அந்தத் திரை விலையே பாப்பாவின் ஒன்பதாவது காசுக்கு நான் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு. தீபாவளிக்கு முன்பே வாங்கியிருந்தால் என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன். கிளம்பும்போது, "பாம்பையும் மறக்காம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ," என்றார்.

சைனாடவுனில் ஏறினால் அதே ரயில் லிட்டில் இந்தியா வழியாக நம் வீடு இருக்கும் பொங்கோல் வரைக்கும் வரும். அடுத்த வேலை பொங்கோலிலேயே என்பதால் வழியில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். துலக்கித் துலக்கி மூன்று காசின் விலையைத் தண்ணீரில் கழுவிவிட்டோம், திறக்காதே என்று அவர் அன்றே சொன்னது அதற்குத்தான் என்று. சுண்டல் வேகவைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பைக் குறைத்தாள்.

"திறக்காதேன்னு அவரு சொன்னாராமே?"

"சொன்னாரு."

"எங்கிட்ட நீங்க சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. பதினான்கு வருடமாகச் சொல்லவில்லை. அடுப்பைத் திரும்பக் கூட்டிவிட்டு அவளே, "விக்கிறதுக்கா வாங்கினோம்? சாமி முன்னாடி மங்கலா எப்படி வைக்கிறது," என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

மறுநாள் காலை பாப்பா பள்ளிச் சீருடையில் சாமி முன்னால் நின்றாள். காசை அவள் கையில் கொடுக்கும் முன்பே உண்மையைச் சொல்லிவிட்டேன். இது கடையில் விலை போகாத காசு, முகத்தில் புள்ளி இருக்கிறது, அப்பா தள்ளிப் போட்டதால் நல்லது கிடைக்கவில்லை. அண்ணன் தன் டிராகனையே கொடுத்தான், அது செல்லவில்லை. எல்லாவற்றையும்.

அவள் டப்பியைத் திறந்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். பாப்பா விபூதித் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தாள். இரண்டு நிமிடம், நாக்கைக் கடித்துக்கொண்டு. காசு பளபளத்தது. மூன்று புள்ளிகளும் அப்படியே இருந்தன.

"போகலப்பா."

"போகாதாம்மா. அடிச்சப்பவே வந்ததாம்."

"அப்ப ஓகே. வருஷத்தப் படிக்காமலே இதான் டென்னுன்னு தெரியும்."

பெரியவன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "எனக்கும் புள்ளி வச்சதே வாங்குங்கப்பா. விலை கம்மியாமே."

"ஆமாடா, உனக்குன்னு புள்ளி வச்சு அடிக்கச் சொல்றேன்," என்றாள் அம்மா.

பாப்பா காசைச் சாப்பாட்டு மேசை மேலிருந்த முக்கோணத்தின் நுனியில் வைத்தாள். புள்ளி மேலே தெரியும்படி திருப்பினாள். பெரியவன் தன் டிராகனைக் கொண்டுவந்து முக்கோணத்துக்கு வெளியே, காவலுக்கு நிற்பதுபோல் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அதைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அன்று சாயந்தரம் கேக்கும் சுண்டலும் நாம் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.